மூன்றாவது இறக்கம்

பெர்னார்டுக்கு வலது தோளில் கிளம்பிய வலி முழங்கை வழியாக இறங்கி, சுண்டுவிரல் நுனியில் வந்து குந்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஐஸ் அள்ளுகிறான். தேக்கா மார்க்கெட்டில் ரஃபீக்கின் மீன் கடையில் அவனுக்கு அதுதான் முதல் வேலை. மூட்டை மூட்டையாக வரும் ஐஸைக் கொட்டி மேடை முழுக்கப் பரப்பி, ரஃபீக் மேலே பாத்தாங் மீனும் வௌவால் மீனும் அடுக்குவதற்குத் தோதாக மட்டம் தட்டிக் கொடுக்க வேண்டும். கையுறை போட்டாலும் குளிர் உள்ளே நுழைந்துவிடும். குளிருக்கும் வதந்திக்கும் கதவு ஒரு பொருட்டில்லை.

“என்னண்ணே, நார்த் போல் வரைக்கும் போய்ட்டு வந்த ஆளு, இந்த ஐஸுக்கே கைய உதறுறீங்க?” என்றான் ரஃபீக். வாராவாரம் கேட்கிற கேள்வி. கிண்டலில் உப்புக் குறைந்துபோய் ரொம்ப நாளாயிற்று.

“அங்க ஐஸ் அதுபாட்டுக்குக் கெடந்துச்சு லா. இங்க நான்ல தூக்க வேண்டியிருக்கு.”

“வரும்போது ஒரு பாறையக் கட்டி இழுத்தாந்திருக்கலாம். கடைக்கு ஆயிருக்கும்.”

“நாங்க எதையும் கொண்டாரல. ஒருத்தன் கையத்தான் அங்க விட்டுட்டு வந்தோம்.”

ரஃபீக் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தான்.

அந்தக் கை இருதயராஜுடையது. பெர்னார்டின் தங்கை பிலோமினாவைக் கட்டியவன். கப்பல் வேலைக்கு அவனைக் கூட்டிப்போனதே பெர்னார்டுதான். பிடோக்கில் இருக்கும் தங்கை வீட்டுக் கதவு ஆறு வருஷமாகப் பெர்னார்டுக்குச் சாத்தியே கிடக்கிறது. அந்த வீட்டுப் பெண் பெதானிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் அவன். அவளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்தபோது, கோயிலின் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், செருப்பு விற்க வந்தவன் மாதிரி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். பிலோமினா பார்த்தாள். பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கதவு திறப்பதுதான். தோள் வலி போனால் போகிறது, இருந்தால் இருக்கிறது.

அன்றைக்குப் பெதானியே மார்க்கெட்டுக்கு வந்தாள். பெற்றோருக்குத் தெரியாமல் மாதம் ஒருமுறை வருவாள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கண்காட்சிகளுக்குப் பலகை அடித்து விளக்குப் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்கு இருந்தாள். ஈரத் தரையில் ஷூ நனையாமல் குதித்துக் குதித்து வந்து, போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மாமா, திஸ் ஒன் உங்க ஷிப்ல உள்ளதா? நேத்து பெட்டிய ஓப்பன் பண்ணப்ப பார்த்தேன்.”

படத்தில் ஓர் இரும்புக் குழாய். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு இருக்கும். மேல் பாதி நேர். கீழ்ப் பாதி வாழைப்பழம் போல வளைந்திருந்தது. அடியில் இரண்டு தாங்கிகள், மேலே வெள்ளை விளக்கு, நகைக்கடையில் ஆரத்தை வைப்பது மாதிரி.

பெர்னார்ட் கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினான். குழாயின் கழுத்தருகே, மஞ்சள் பெயிண்டில் சிறு சிலுவை கீறியிருந்தது. இருதயராஜின் வேலை. கப்பலில் புதுக் குழாய் மாட்டினால் முதலில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் கடலில் இறக்க விடுவான். “மண்ணுக்குள்ள போறது லா மச்சான். ஜெபம் சொல்லாம அனுப்பலாமா?” என்பான்.

“இதுதான்,” என்றான் பெர்னார்ட்.

“டேடி கைய...?”

“இதுதான்னு சொன்னேன்ல.”

பெதானி போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். “நூலகத்துல எக்ஸிபிஷன், மாமா. சனிக்கிழமை ஒரு டாக் இருக்கு, தமிழ்ல. தமிழ்மொழி விழாவுக்கு. டாக்டர் அனுப்ரியான்னு ஒருத்தங்க பேசுறாங்க. டேடி கிட்ட சொன்னேன். வரேன்னுட்டாரு.”

“உங்கப்பனா? எதுக்கு?”

“‘என் கையத் தின்னது இப்ப எப்படி இருக்குன்னு பாக்கணும்’னாரு.”

அனுப்ரியா என்ற பெயரைக் கேட்டதும் பெர்னார்டுக்குச் சுண்டுவிரல் வலி மறந்துபோயிற்று. ரஃபீக் எட்டிப் பார்த்து, “யாருண்ணே அது?” என்றான். பெர்னார்ட் ஒரு காலி மீன் பெட்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் தள்ளினான். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஐஸ் துண்டுகள் தரை அழுக்கில் நீள நீளமாகக் கோடு போட்டன.

அந்தக் கப்பல் கடலடியில் கேபிள் போட வழி பார்க்கிற கப்பல். நார்வேக்கு வடக்கே வேலை. கூடவே விஞ்ஞானிகளுக்கும் இடம் வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்களில் அனுப்ரியா ஒருத்தி. அப்போது டாக்டர் இல்லை, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். சைவம் வேறு. பிலிப்பினோ சமையல்காரன் மூன்று வேளையும் மாட்டிறைச்சியும் மீனும் போட, முதல் வாரம் ரொட்டியும் ஜாமும் தின்று அழுதாள். பெர்னார்டுதான் சமையல்கட்டுக்குள் புகுந்து ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து கொடுத்தான். அதிலிருந்து அவன் அவளுக்கு அங்கிள்.

கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்பிக் கடலடியைப் படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தை அவள் ஒருநாள் பெர்னார்டுக்குக் காட்டினாள். தரை முழுக்கச் சால் ஓட்டியது போல நீள நீளமான பள்ளங்கள். ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசையில், மைல் கணக்கில். “இதெல்லாம் பனி உழுதது, அங்கிள். இங்க தண்ணியே இல்லாம, முழுக்கப் பனி மலையா இருந்த காலம். அது கீழ மண்ணைச் சுரண்டிக்கிட்டே நகர்ந்து போச்சு” என்றாள். பெர்னார்டின் அப்பா ஆயுள் முழுக்க இந்த ஊரில் சாக்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பள்ளம் வெட்டியவர். வெட்டிய பள்ளம் எதுவும் கண்ணில் படாது, மேலே தார் போட்டுவிடுவார்கள். கடலடியில் ஒரு பனிக்கட்டி வெட்டிய பள்ளத்தை இத்தனை பேர் கப்பல் பிடித்து வந்து பார்க்கிறார்களே என்று அவனுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. வடம் இழுக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டப் போய்விட்டான்.

அந்தப் பள்ளத்துக்குள் மண்ணெடுக்க வேண்டும். இரும்புக் குழாயின் தலையில் ஒரு டன் எடையைக் கட்டிக் கம்பி வடத்தில் இறக்குவார்கள். மண்ணில் குத்தி நின்றதும், உள்ளே ஏறிய மண்ணோடு மேலே இழுப்பார்கள். இறக்குவதும் இழுப்பதும் பெர்னார்ட். வந்ததைப் பிடித்துக் கிடத்துவது இருதயராஜ். எப்போது, எவ்வளவு வேகம் என்று வாக்கி டாக்கியில் சொல்வது அந்த ஷிஃப்டின் விஞ்ஞானி.

அந்த நாள் ஷிஃப்ட் அனுப்ரியாவுடையது. முதல் தடவை குழாய் நுனியில் ஒரு கைப்பிடி சாம்பல் களிமண் வந்தது. இரண்டாம் தடவையும் அதே. கப்பல் இடம் மாறப்போகிறது என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். வாக்கி டாக்கியில் அவள் குரல் வந்தது. தமிழில் வந்தது. “அங்கிள், ராத்திரி ரசம் இருக்கா?” என்றாள். “இருக்கும்மா” என்றான். “அப்ப இன்னும் ஒரே ஒரு தடவ. இந்தத் தடவ வேகமா விடுங்க அங்கிள், நல்லா வேகமா.”

“சரிம்மா” என்றான் பெர்னார்ட்.

வேலை சேனலில் இங்கிலீஷ் தவிர வேறு பேசக்கூடாது என்பது கப்பல் சட்டம். சுவரில் ஒட்டியே வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டு தமிழர்கள் ஒரு கம்பியின் இரு முனையில் இருந்தால் சட்டம் எந்த மூலைக்கு?

குழாய் வளைந்து வந்தது. கப்பல் ஓரத்தில் அதைக் கிடத்துகிற தொட்டில் நேரான குழாய்க்குச் செய்தது. வளைந்தது அதில் உட்காரவில்லை. இருதயராஜ் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தான். அலை கப்பலை ஒரு தூக்குத் தூக்கியது. குழாய் உருண்டு அவன் இடது கையை ஓரத்துக் கம்பியோடு வைத்து நசுக்கியது. நார்வே ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்தார்கள்.

திரும்பி வந்ததும் துவாஸில் கம்பெனி ஆபீசில் விசாரணை. வின்ச் ஓட்டியவர் ஏன் அவ்வளவு வேகமாக இறக்கினார்? அனுப்ரியா சொன்னாள், இறக்கினேன் என்றான் பெர்னார்ட். சேனலைக் கேட்டுக்கொண்டிருந்த பிலிப்பினோவும் உக்ரேனியனும் சொன்னார்கள்: இறக்குவதற்கு முன்னால் இருவரும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அனுப்ரியாவைக் கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம், ரசம் இருக்கிறதா என்று கேட்டேன் என்றாள். வேறு? வேறு ஒன்றும் நினைவில்லை.

ரசத்தைக் கேட்டது பொய்யில்லை. அதுதான் வினை. முழுப் பொய்யாக இருந்தால் எங்கேயாவது ஓட்டை விழும். பாதி உண்மை பாறை மாதிரி. வேகமாக இறக்கியது வின்ச் ஓட்டியவர், வேலை சேனலில் சொந்தப் பேச்சுப் பேசிக் கவனம் சிதறியதும் அவரே என்று முடித்தார்கள். பிறகு எந்தக் கப்பலும் பெர்னார்டை ஏற்றவில்லை. தங்கை வீட்டில் போய் நடந்ததைச் சொன்னான். இருதயராஜ் கட்டுப் போட்ட தோளோடு எழுந்து நின்று, “சின்னப் பொண்ணு மேல பழியப் போடுறியே, ஆம்பளையா நீ?” என்றான். அதுவே கடைசிப் பேச்சு.

சனிக்கிழமை நூலகத்தின் குளிரூட்டிய கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். பட்டுச் சேலைகள், ஜிப்பாக்கள், மதிப்பெண்ணுக்காக ஆசிரியை ஓட்டிக்கொண்டு வந்த பள்ளிப் பிள்ளைகள். வாசலில் வளைந்த குழாய். பக்கத்தில் நான்கு மொழியில் அட்டை: பண்டைப் பனிப்பாறையின் பாரத்தால் இறுகிய கடலடி மண், இந்த எஃகுக் குழாயையே வளைத்தது.

இருதயராஜ் குழாயின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். முழுக்கைச் சட்டை. சட்டையின் இடது கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தான். ஆறு வருஷத்தில் நெற்றி ஏறியிருந்தது, வயிறு இறங்கியிருந்தது. பெர்னார்ட் பக்கத்தில் போய் நின்றான். இருவரும் அட்டையைப் படித்தார்கள்.

“மண்ணு வளைச்சுதுன்னு போட்டிருக்கு,” என்றான் இருதயராஜ், குழாயைப் பார்த்தபடி.

“ஆமா.”

“உன் பேரு காணோமே. நீதானே வளைச்ச?”

“உள்ள போய் உக்காரு மச்சான். கேளு.”

“மச்சான் கிச்சான்னா பல்லைப் பேத்துடுவேன். ஒரு கை போதும் அதுக்கு.”

ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்தான். பெர்னார்ட் அதே வரிசையில், நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தான். பெதானி பின்னால் விளக்குப் பலகையருகே நின்று நகத்தைக் கடித்தாள்.

அனுப்ரியா மேடைக்கு வந்தாள். கைத்தறிச் சேலை, கண்ணாடி. குரல் மட்டும் மாறவில்லை. பாஷை மாறியிருந்தது. கப்பலில் பாதி இங்கிலீஷில் சிணுங்கிய பெண், இங்கே ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல் செந்தமிழில் பொழிந்தாள்.

“அவையோர்க்கு வணக்கம். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இன்று கடலாக விரிந்திருக்கும் அந்நிலப்பரப்பின்மீது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்ட பனிப்படலம் ஊர்ந்து சென்றது. ஊர்ந்த வழியெல்லாம் தரையை அரித்துச் சென்றது. அதன் அடியில் சிக்கிய மண், அதன் பாரத்தால் கல் போல் இறுகியது. பனி உருகி மறைந்தது. கடல் வந்து மூடியது. ஆயினும் அழுத்தத்தை மண் இன்றளவும் மறக்கவில்லை.”

கைதட்டினார்கள். திரையில் அந்தப் படம் வந்தது, நீள நீளமான சால்களோடு. அதன்மேல் மென்மையான சேறு ஒரு முழம்தான் படிந்திருக்கிறது, அதற்குக் கீழே பனி இறுக்கிய களிமண் என்று விளக்கினாள். பிறகு குழாயின் கதைக்கு வந்தாள்.

“இருமுறை முயன்றோம். இருமுறையும் ஏமாற்றம். எனினும் நாங்கள் மனம் தளரவில்லை. மூன்றாம் முறை, இன்னும் வேகமாக இறக்கச் சொன்னோம். குழாய் மேலே வந்தபோது வளைந்திருந்தது. அந்த வளைவே எங்களுக்குக் கிடைத்த பரிசு. பனி அங்கே இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?”

மறுபடி கைதட்டல். பெர்னார்ட் தட்டவில்லை. திரும்பிப் பார்த்தான். இருதயராஜ் காலி நாற்காலியின் முதுகை வலக்கையால் இறுகப் பிடித்திருந்தான்.

கேள்வி நேரம் என்றார்கள். ஒரு பள்ளிப் பையன் பெங்குவின் பார்த்தீர்களா என்று கேட்டான். வட துருவத்தில் பெங்குவின் கிடையாது என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். அப்போது இருதயராஜ் இருந்த கையைத் தூக்கினான். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“அந்தக் குழாய் வளைஞ்சு மேல வந்துச்சுன்னீங்க. வந்தத யாரு புடிச்சு எறக்குனா? அவனுக்கு என்ன ஆச்சு? அதச் சொல்லலையே.”

விளக்கு வெளிச்சத்தில் அவள் கண்ணைச் சுருக்கி, ஊக்குக் குத்திய சட்டைக் கையைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலி தாண்டி பெர்னார்டைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தாள்.

“கடற்பயணங்களில் சிற்சில அசம்பாவிதங்கள் நேர்வதுண்டு. பணியாளர்களின் உழைப்பை நாங்கள் என்றும் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். அடுத்த கேள்வி?”

கூட்டம் கலைந்து பீஹூனும் கறிபப்பும் இருந்த பலகார மேசையை மொய்த்தது. அனுப்ரியா அந்தச் சந்தடியில் வாசல் வழியாக நழுவப் பார்த்தாள். குழாய்க்கருகே பெர்னார்ட் நின்றிருந்தான். சுற்றும் பார்த்துவிட்டு அவளே நெருங்கி வந்தாள். செந்தமிழ் மேடையோடு நின்றுபோயிருந்தது.

“அங்கிள், ப்ளீஸ். நாட் ஹியர். எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். நீ பாக்கச் சொல்லித்தானே இத இங்க வச்சிருக்க?”

“நான் அப்ப ஸ்டூடண்ட், அங்கிள். ஸ்காலர்ஷிப்ல இருந்தேன். ப்ரொஃபசர் என்ன தூக்கி வெளிய போட்டிருப்பாரு. என்கொயரில அவங்க கேட்டப்ப எனக்குப் பயம். நீங்க எக்ஸ்பீரியன்ஸ்ட், உங்களுக்கு வேற ஷிப் கெடைக்கும்னு நினைச்சேன்.”

“மீன் கடை கெடச்சுது,” என்றான் பெர்னார்ட். “அத விடு. நான் கேஸ் போட வரல. கம்பெனிய இழுக்க வரல. கை போச்சே, அவன் பொஞ்சாதி என் தங்கச்சி. அவ முன்னாடி வந்து நீ அன்னைக்குச் சொன்னதச் சொல்லு. நாலே சொல்லு. நான்தான் வேகமா விடச் சொன்னேன்னு. அது போதும்.”

“மேடையில சொன்னேனே அங்கிள், ஆல்ரெடி...”

“மேடையில நீ பரிசு வாங்குன கதையச் சொன்ன.” இது இருதயராஜ். அவன் எப்போது வந்து பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. “வீட்ல வந்து என் கை போன கதையச் சொல்லு.”

அவள் அழவில்லை. உதட்டை மட்டும் கடித்தாள். “சண்டே வரேன். ப்ராமிஸ். அட்ரஸ் அனுப்புங்க. ஆன்ட்டி கிட்ட நானே பேசுறேன்.” பெர்னார்டின் கையைப் பிடித்தாள். “சாரி அங்கிள். உங்க ரசத்த நான் மறக்கல.”

ரசத்தை விசாரணையிலும்தான் மறக்கவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. பெர்னார்ட் விழுங்கிக்கொண்டான். வேலை ஆக வேண்டும் என்றால் வாயை அடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புக்கிட் மேராவிலிருந்து பிடோக்குக்குப் பஸ்ஸேறினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலிடுக்கில் மீன் வாடை லேசாக இருந்தது. தங்கை வீடிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே கல் மேசையில் இருதயராஜ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எதிரே உட்கார் என்று சொல்லவில்லை. பெர்னார்ட் உட்கார்ந்தான்.

“பிலோமினாகிட்ட சொல்லிட்டியா?”

“ஒரு விருந்தாளி வராங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன். காய்கறி பிரியாணி பண்றா. அந்தப் பொண்ணு சைவம்னு பெதானி சொல்லுச்சாம்.”

“நான் வந்திருக்கறது?”

“அந்தப் பொண்ணு வரட்டும். அவ பின்னாடியே நீ ஏறு. தனியா ஏறுனா வாசல்லயே தொடப்பத்த எடுப்பா.”

இரண்டு கோப்பி வாங்கி வந்தான் பெர்னார்ட். ஒன்றை இருதயராஜ் முன்னால் நகர்த்தினான். வெகுநேரம் அவன் அதைத் தொடவில்லை. ஆறிய பிறகு எடுத்துக் குடித்தான். சீனி கம்மி, பால் கூட. அவனுக்குப் பிடித்த மாதிரியே வாங்கியிருந்தான் பெர்னார்ட். மேலே எந்த வீட்டிலோ பட்டையும் ஏலக்காயும் தாளிக்கிற மணம் கீழே வரை வந்தது.

மத்தியானம் ஆயிற்று. செஸ் ஆடிய சீனக் கிழவர்கள் பலகையை மூடிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். பெர்னார்ட் அனுப்ரியாவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது, இங்கிலீஷில், நீளமாக. அவன் அதை இருதயராஜிடம் கொடுத்தான். இருதயராஜ் போனை மேசையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான்.

“வேலை பாக்குற எடத்துல லாயர்கிட்ட கேட்டாளாம். என்கொயரில கையெழுத்துப் போட்டதுக்கு மாத்தி இப்ப எதுவும் யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். நமக்காக வேண்டிக்குவாளாம். டேக் கேர், அங்கிள். ஒரு கும்பிடு பொம்மை வேற போட்டிருக்கா.”

போனைத் திருப்பித் தள்ளினான். இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் திரை அணைந்தது.

“சரி, அவ வர வேணாம்,” என்றான் பெர்னார்ட். “நீதான் கேட்டல்ல. வேகமா எறக்கச் சொன்னோம்னு அவ வாயாலயே சொன்னா. நீ மேல போய்ப் பிலோமினாகிட்ட சொல்லு. நீ சொன்னா அவ நம்புவா.”

இருதயராஜ் காலி கோப்பைக்குள் பார்த்தான்.

“நம்புவா. அதான் கஷ்டம்.”

“என்ன கஷ்டம்?”

“ஆறு வருஷம். காலைல சட்டையப் போடுறப்பல்லாம், அந்த ஊக்கக் குத்துறதுக்கு அவள கூப்பிடுறப்பல்லாம், உன் பேரச் சொல்லித் திட்டித்தான் நான் வீட்ட விட்டுக் கெளம்புவேன். அவளும் கூடச் சேந்து திட்டுவா. சொந்த அண்ணன. உங்கம்மா செத்தப்பகூட உன் பக்கத்துல நிக்க மாட்டேன்னு தனியா போய் நின்னா. இப்ப மேல போய், அவன் இல்லடி, அது பனிடின்னு சொல்லச் சொல்றியா? இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி உருகிப் போன பனி. அத எங்க போய்த் திட்டுறது? அதுக்கு அட்ரஸ் இருக்கா, பிளாட் நம்பர் இருக்கா?”

“பனி இல்ல. அனுப்ரியா சொல்லித்தான்...”

“அவளுக்கு லாயர் இருக்கு. உனக்கு யார் இருக்கா? உன்னத் திட்டுறது லேசு.” சொல்லிவிட்டு அவனே ஒரு கசந்த சிரிப்புச் சிரித்தான். “உண்மையச் சொல்றேன் மச்சான். உன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நேத்து ராத்திரி தூக்கம் வரல. ஆனா என் பொஞ்சாதிகிட்ட, ஆறு வருஷம் உங்கண்ணன உன்கிட்ட இருந்து பிரிச்சு வச்சது என் மடத்தனம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஏற்கெனவே ஒரு கை இல்ல. மிச்சம் இருக்கறது அவகிட்ட இருக்கிற மரியாத ஒண்ணுதான். அந்தப் பொண்ணு வந்து சொன்னா நான் பக்கத்துல நின்னு தலையாட்டுவேன். நானா சொல்ல மாட்டேன்.”

மச்சான் என்று அவன் வாயால் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதைக் கொடுத்த வாயே மற்றதைப் பிடுங்கிக்கொண்டது.

பெர்னார்ட் எழுந்தான். தோள் ‘விண்’ணென்று தெறித்தது. கல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலே சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி ஜன்னலில் பிலோமினா ஈரத் துணி கோத்த மூங்கில் கம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். விருந்தாளி வந்தாச்சா என்று பார்க்கக் குனிந்தவள் அண்ணனைப் பார்த்தாள். கம்பைச் செருகி முடிக்கும் வரை பார்த்தபடியே இருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அப்புறம் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கம்பில் இருதயராஜின் சட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஊக்குக் கழற்றிய இடது கை காற்றில் ஆடியது. துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டி, பெர்னார்ட் நின்ற இடத்துக்கு ஒரு அடி தள்ளி விழுந்தது.

“பிரியாணி ஆறுது. நான் போறேன்,” என்றான் இருதயராஜ். லிஃப்டுக்குப் போகிற வழியில் ஒருதரம் திரும்பி, “கையப் பாத்துக்க. ஐஸ்ல வேலை செஞ்சா நரம்பு போயிரும்,” என்றான். லிஃப்ட் கதவு மூடியது.

பெர்னார்ட் பஸ் நிறுத்தம் வரை நடந்தான். அனுப்ரியாவின் செய்தி போனில் அப்படியே இருந்தது. பதில் எழுத அவனுக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் தேக்காவில் ஐஸ் மூட்டை வந்து நிற்கும். நூலகத்தில் அந்தக் குழாய் இன்னும் இரண்டு மாதம் விளக்கடியில் இருக்கும், பிறகு வேறு நாட்டுக்குப் போகும் என்று பெதானி சொல்லியிருந்தாள். போகட்டும். அனுப்ரியா அவனுக்குத் தர வேண்டியது நாலு சொல். நான்தான் வேகமா விடச் சொன்னேன். அதை அவள் இன்னும் தரவில்லை.